சொந்த ஊர் எது?



இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட தம் 'ஜீவிய சரித்திர சுருக்க'த்தில் கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூட நாட்களைப் பற்றிச் சில வரிகள்தான் எழுதியிருக்கிறார். சுமார் நானூறு பிள்ளைகள் படித்த பள்ளி. பத்துப் பேர் போக மற்றவர்கள் பிராமணப் பிள்ளைகள். சாதி என்ன, இருப்பிடம் எங்கே, உறவினர் யார் என்று கேட்டுவிடுவார்களோ என்ற அச்சத்தில், மணி அடிக்கும் வரை அந்தச் சிறுவர் பள்ளிக்கு வெளியே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவார். பள்ளி விட்டதும் யாரும் கூட வந்து சேர்ந்துவிடாதபடி வேகமாக வீட்டுக்கு நடந்துவிடுவார்.

இந்தப் பகுதியை நாம் பலமுறை மேடைகளில் சொல்லியிருக்கிறோம். பெரும்பாலும் 'சாதி என்ன' என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறோம். அதற்கடுத்த கேள்வியைக் கவனியுங்கள். 'இருப்பிடம் எங்கே' என்பதும் அவரை அதே அளவுக்கு அச்சுறுத்தியிருக்கிறது. இடத்தைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். இன்றைக்கும் பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர் "எந்த ஊர் தம்பி?" என்று தொடங்கி, ஊர்ப் பெயர் சொன்னதும் "ஊர்லயா, காலனியா?" என்று முடிக்கிறார். கோழியாளம் என்று சொன்னால் போதாது. கோழியாளத்தில் எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்குச் 'சொந்த ஊர்' என்பது பொங்கலுக்குப் போகும் இடம், குலதெய்வம் இருக்கும் இடம். நமக்கு அது சட்டம் சம்பந்தப்பட்ட விஷயம். இன்று பேச எடுத்துக்கொண்டது அதைத்தான். ஓர் இடத்துக்குப் பூர்வீகர் என்று சட்டம் யாரைச் சொன்னது, எதை வைத்துச் சொன்னது? யார் முதலில் வந்தார்கள் என்பதையோ, எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள் என்பதையோ சட்டம் அளவுகோலாக வைத்ததாக நமக்கு ஒரு நினைப்பு உண்டு. நம் மாவட்டத்து வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்கு அந்த நினைப்பு போய்விட்டது. யாருக்குக் கீழே இருக்கிறாய் என்பதைத்தான் சட்டம் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது.

பழையதிலிருந்தே தொடங்குவோம். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கு அவற்றில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு ஊரிலும் மொத்த நிலம் இவ்வளவு, அதில் வரி கட்டாத நிலம் இவ்வளவு என்று கழித்துக் காட்டுவார்கள். அந்தக் கழிவில் ஊர்நத்தம் வருகிறது, குளம் வருகிறது, ஊடே போகும் வாய்க்கால் வருகிறது, சுடுகாடு வருகிறது. பறைச்சேரி வருகிறது. 'தீண்டாச்சேரி' என்ற சொல்லும் வருகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நாம் அங்கே குடியிருந்தோம் என்பதற்கு இதைவிட உறுதியான ஆவணம் வேறு வேண்டியதில்லை. கல்லில் வெட்டிய ஆவணம். ஆனால் ஊர்நத்தம் வேறு, சேரி வேறு என்று பிரித்த கையும் அதே கைதான். ஊருக்கு உள்ளே எண்ணினார்கள், ஊர் என்று எண்ணவில்லை.

இனி இரட்டைமலையார் பிறந்த செங்கல்பட்டுக்கு வருகிறேன். 1763இல் ஆர்க்காட்டு நவாப் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகக் கொடுத்தார். வரி வாங்கத் தொடங்கிய வெள்ளைக்காரர்களுக்கு உடனே ஒரு சிக்கல் வந்தது. நிலம் யாருடையது? தொண்டைமண்டலத்து ஊர்களில் 'காணியாட்சி' என்றும் 'மிராசு' என்றும் ஓர் உரிமை இருந்தது. ஊரின் நிலம் முழுவதும் குறிப்பிட்ட சில குடும்பங்களின் பங்குகள். பயிரிடும் நிலம் மட்டுமில்லை, தரிசு, தோப்பு, ஏரி மீன், நத்தம் எல்லாவற்றிலும் அவர்களுக்குப் பங்கு. அந்தப் பங்கை விற்கலாம், அடகு வைக்கலாம், பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். பங்குதாரர் உழவே வேண்டாம். ஊரில் இருக்கக்கூட வேண்டாம். 1794 முதல் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் இந்த மிராசுதாரர்களோடு மோதினார், சிலரை விலக்கிப் பார்த்தார். அப்படியும் அந்த உரிமை அசையவில்லை.

மிராசு என்றால் என்ன என்று அரசு கேட்ட கேள்விகளுக்கு விரிவாகப் பதில் எழுதியவர் எல்லீஸ். சென்னைக் கலெக்டர், திருக்குறளை மொழிபெயர்த்தவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று கால்டுவெல்லுக்கு நாற்பதாண்டுகளுக்கு முன்பே எழுதியவர். மிராசு பற்றிய அவருடைய பதில் 1818இல் அச்சானது. அதில் மிராசுதாரர்களின் உரிமை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை சொல்லப்படுகிறது. இது குறும்பர்களின் நாடாக இருந்ததாம். ஆதொண்டைச் சக்கரவர்த்தி குறும்பர்களை வென்று, காட்டைத் திருத்தி, வேளாளரைக் கொண்டுவந்து குடியேற்றினாராம். அவர்களுக்குக் கொடுத்ததுதான் காணியாட்சி.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். மண்ணின் முழு உரிமைக்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட கதையே வெளியிலிருந்து வந்து குடியேறிய கதை. அதைச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் இருக்கவில்லை. நாங்கள் வந்தோம், எங்களுக்குக் கொடுத்தார்கள், அதனால் எங்களுடையது. சட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. 'பூர்வீகம்' என்பது முதலில் இருந்தவருக்கு உரியது என்றால் அந்தக் கதை எதிர்ப்பக்கத்துச் சாட்சியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

எல்லீஸ் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பண்டிதர் அயோத்திதாசர் எழுதியிருக்கிறார்: ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன்தான் திருக்குறள் ஏட்டையும் நாலடி நானூற்று ஏட்டையும் எல்லீசிடம் சேர்த்தவர் என்று. குறள் அச்சேற ஏடு கொடுத்த சமூகத்தை, எல்லீஸ் வாழ்ந்த காலத்து ஊர்க்கணக்கு அடிமைகள் என்ற தலைப்பின் கீழ்தான் வைத்திருந்தது.

மிராசுதாரருக்கு அடுத்த படியில் பாயகாரிகள், அதாவது பயிர் செய்யும் குடிகள். அவர்களில் இரண்டு வகை. உள்குடி, பரக்குடி. நெடுங்காலமாக அந்த ஊரிலேயே வீடு வைத்துப் பயிரிட்டவர் உள்குடி. வாரத்தைச் சரியாகக் கொடுக்கிற வரை அவரை நிலத்திலிருந்து எழுப்ப முடியாது, அவருக்குப் பின் அவர் மகன் பயிரிடலாம். பக்கத்து ஊரிலிருந்து வந்து தவணைக்குப் பயிரிட்டவர் பரக்குடி. அவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. 'இங்கேயே இருப்பவர்' என்ற ஒன்றே ஓர் உரிமையாக இருந்ததற்கு உள்குடி என்ற சொல் சான்று. ஊரில் வீடு வைத்து, தலைமுறை தலைமுறையாக அதே வயலில் சேறு மிதித்தவர்கள் யார் என்று பார்த்தால் சேரி மக்கள்தான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் உள்குடியும் இல்லை, பரக்குடியும் இல்லை. அவர்கள் ஆள். பண்ணையாள், படியாள், அடிமையாள்.

அடிமைக்கும் ஒரு பூர்வீகச் சட்டம் இருந்தது என்பதுதான் இதில் கசப்பான பகுதி. 1819 வாக்கில் ரெவின்யூ போர்டு தமிழ் மாவட்டங்களின் அடிமைமுறை பற்றிக் கலெக்டர்களிடம் அறிக்கை வாங்கியது. நிலத்தோடு சேர்த்து ஆட்களும் கைமாறுவது அந்த அறிக்கைகளில் வருகிறது. பழைய கிரயப் பத்திரங்களில் 'மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும்' என்று ஒரு வாசகம் உண்டு. நிலத்தோடு போகும் சகலமும் என்று பொருள். அந்தச் சகலத்தில் மனிதர்களும் அடக்கமாக இருந்த காலம் அது. வேறு மண்ணுக்குப் போக முடியாதபடி இந்த மண்ணுக்குச் சொந்தமானவர்கள். மிராசுதாரருக்கு மண் சொந்தம். நாம் மண்ணுக்குச் சொந்தம்.

கூலிக்கு வழங்கிய சொல்லையும் சொல்லிவிடுகிறேன். களத்தில் நெல் அளக்கும்போது வெட்டியான் முதலிய ஊர்ப் பணியாளர்களுக்கு அளந்து போடும் பங்குக்குப் பெயர் 'சுதந்திரம்'. வருவாய்த்துறைப் பதிவுகள் முழுக்க இந்தச் சொல் இருக்கிறது.

1843இல் இந்திய அரசின் ஐந்தாவது சட்டம் வந்தது. அடிமை உரிமையை நீதிமன்றங்கள் இனி ஏற்காது என்றது. அதை விடுதலை என்று பாடப்புத்தகம் எழுதுகிறது. சேரியில் என்ன மாறியது என்று பார்க்க ஐம்பதாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமன்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர் நிலை பற்றித் தம் குறிப்பை எழுதி அரசுக்கு அனுப்பினார். அதைப் பஞ்சமி நில அறிக்கை என்றுதான் நாம் நினைவு வைத்திருக்கிறோம். அதில் நிலத்துக்குச் சமமாக வீட்டுமனையும் பேசப்படுகிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

டிரெமன்ஹீர் கண்ட முடிச்சு இதுதான். தரிசு நிலத்துக்கு யார் வேண்டுமானாலும் தர்காஸ்து போடலாம் என்று விதி. ஆனால் மிராசு ஊர்களில் மிராசுதாரருக்கு முன்னுரிமை. ஒரு பறையர் மனுக் கொடுத்ததும் மிராசுதாரர் வந்து அது எனக்கு வேண்டும் என்பார். முடிந்தது. அடுத்தது குடிசை. ஊர்த்தெரு நத்தமாகப் பதிவாகியிருக்கும். சேரி இருக்கும் இடத்துக்கோ மிராசுதாரர் உரிமை கொண்டாடுவார். ஆள் வேலைக்கு வராவிட்டால், கூலி கூடக் கேட்டால், பாதிரியாரைச் சேரிக்குள் விட்டால், காலி பண்ணு என்று ஒரு சொல். அடிமை உரிமையைக் கோர்ட்டு ஏற்காமல் போனாலும், குடிசை நிற்கும் இடத்தின் மேல் உள்ள உரிமையைக் கோர்ட்டு ஏற்கும். சங்கிலியை எடுத்துவிட்டு முளைக்குச்சியை அப்படியே விட்டுவைத்தார்கள். பத்துத் தலைமுறையாக ஓரிடத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம் சட்டத்தின் பார்வையில் இன்னொருவர் தயவில் தங்கியிருக்கிறது.

1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணையின் வழியாக நமக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு வந்தது. பத்தாண்டுக்கு விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம் என்ற நிபந்தனையோடு. பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லும் கணக்கையும், அதில் எவ்வளவு இன்று யார் கையில் என்பதையும் இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1994 அக்டோபர் 10 அன்று, காரணை பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு ஜான் தாமசும் ஏழுமலையும் இறந்தார்கள். டிரெமன்ஹீர் உட்கார்ந்து எழுதிய அதே மாவட்டம். அரசாணைக்கும் இதற்கும் நூற்றிரண்டு ஆண்டு இடைவெளி.

வீட்டுமனைக் கதை இன்னும் மெதுவாக நடந்தது. 1920களில் லேபர் கமிஷனர் என்ற அதிகாரி நில எடுப்புச் சட்டத்தின்படி நிலம் வாங்கி, நமக்கு மனையாகப் பிரித்துக் கொடுத்து, பணத்தைத் தவணையில் வசூலித்தார். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்த பிறகு, 1971இல் தமிழ்நாடு குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி குடியிருக்கும் மனை அவருக்கே சொந்தம் என்றது. ராஜராஜன் கல்வெட்டிலிருந்து கணக்குப் போட்டால் ஏறத்தாழ ஒன்பதரை நூற்றாண்டு. இருக்கிறாய், ஆகவே உன்னுடையது என்று சட்டம் நம்மைப் பார்த்துச் சொல்ல அவ்வளவு காலம் எடுத்தது.

இதற்கு நடுவில் ஒரு பெயர் மாற்றம். அயோத்திதாசர் நம்மைப் 'பூர்வத் தமிழர்' என்றார். எம்.சி. ராஜா முயற்சியால் 1922இல் சென்னைச் சட்டமன்றத் தீர்மானத்தின் வழியே 'ஆதிதிராவிடர்' என்பது அரசுப் பெயரானது. ஆதி என்றால் முதல். இந்த நாட்டுக்கு நாமே முதற்குடிகள் என்று அரசாங்கமே காகிதத்தில் ஒப்புக்கொண்ட மாதிரிதான். நான் மாணவனாக இருந்தபோது இந்தப் பெயரில் எனக்கு மிகுந்த பெருமை இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஆனால் ஆதி என்ற சொல் ஒரு சென்ட் மனைக்கும் பட்டா வாங்கித் தரவில்லை. ஆதொண்டைக் கதைக்கு இருந்த சட்ட வலு ஆதி என்ற சொல்லுக்கு இல்லை. அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களைக் கடுமையாகச் சாடியதை நாம் அறிவோம். ஊரை விட்டு வெளியேறுங்கள் என்று அவர் சொன்னதன் பின்னால் இந்த நிலக்கணக்கு முழுவதும் இருக்கிறது.

நம் முன்னோர் வெளியேறவும் செய்தார்கள். இரட்டைமலையாரே 1900இல் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டு இருந்துவிட்டு 1921இல் திரும்பியவர். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி பின்னால் போனவர்களில் பெரும்பகுதி நம்மவர். அங்கே என்ன நடந்தது? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஒருவரிடம் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கோ, அல்லது பாட்டனும் முப்பாட்டனும் அங்கே பிறந்ததற்கோ ஆதாரம் கேட்டது. லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு எந்தப் பதிவேடு? அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போயிற்று. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டார்கள். அந்த மீதியை 1974இல் பாதிப் பாதி. கப்பலில் வந்து இறங்கியவர்களுக்கு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். அவர்களில் பலர் அந்தத் தாயகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. தாத்தா சொல்லிவிட்டுப் போன ஊர்ப் பெயர் ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்தது. நீலகிரியில் குடியேறியவர்களை அக்கம்பக்கத்தார் சிலோன்காரர் என்றார்கள். அங்கே இந்தியாக்காரர், இங்கே சிலோன்காரர்.

கோலார் தங்கவயல் இன்னொரு கதை. 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்டத் தொடங்கியதும் வட ஆர்க்காட்டிலிருந்து நம் மக்கள் திரளாகப் போனார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் வைத்தார்கள். அயோத்திதாசரின் 'தமிழன்' இதழுக்கு அங்கேதான் வலுவான வாசகர் கூட்டம் இருந்தது. ஐந்து தலைமுறை. அந்த ஊரைக் கட்டியது அவர்கள்தான் என்று சொன்னால் மிகையில்லை. வீடு கம்பெனி வீடு. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு, விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள்.

இப்படிப் போனவர்களை நம் அரசமைப்புச் சட்டம் எப்படிப் பார்க்கிறது? 341ஆவது உறுப்பு, எந்தெந்தச் சாதிகள் அட்டவணைச் சாதிகள் என்று குடியரசுத் தலைவர் அறிவிப்பார் என்கிறது. அதில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை. 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த ஆணையும் அந்தந்தப் பகுதியில் வசிப்பவர்கள் என்றே சொல்கிறது. வசிப்பவர் என்றால் யார் என்று 1977 மார்ச் மாதம் உள்துறை அமைச்சகம் ஒரு சுற்றறிக்கையில் விளக்கியது. அந்த ஆணை வெளியான நாளில் ஒருவருக்கு நிரந்தர இருப்பிடம் எதுவோ அதுதான் கணக்கு. அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்கு, அந்த நாளில் பெற்றோரின் நிரந்தர இருப்பிடம்.

நான் சமூகவியல் படித்தவன், சட்டம் படித்தவன் அல்லன். ஆனாலும் இந்தத் தேதியை என்னால் எளிதில் கடந்து போக முடியவில்லை. 1950 ஆகஸ்ட் 10 அன்று உன் தாத்தா எங்கே படுத்திருந்தார் என்பது, 1985இல் பிறந்த பேத்தி எந்த மாநிலத்தில் மனுப் போடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்வி 1990இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு முன் வந்தது. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கு. ஆந்திராவில் தெனாலியில் பிறந்து, தகப்பனார் வேலைக்காக ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்து, அங்கேயே பள்ளிப் படிப்பை முடித்தவர் அவர். பழங்குடியினர் ஒதுக்கீட்டில் மகாராஷ்டிரத்தில் மருத்துவ இடம் கேட்டார். கிடைக்கவில்லை. ஒரு மாநிலத்தில் ஒரு சமூகத்தை அழுத்தும் இழிநிலை இன்னொரு மாநிலத்திலும் அதே அளவில் இருக்கும் என்று கொள்ள முடியாது என்பது தீர்ப்பின் தர்க்கம். 1994இல் வந்த இன்னொரு தீர்ப்பு, ஒரே சாதிப் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தாலும் இதுவே பொருந்தும் என்றது. ஆதிதிராவிடர் என்ற பெயர் கர்நாடகப் பட்டியலிலும் இருக்கிறது. போன தலைமுறையில் ஆம்பூரிலிருந்து தங்கவயலுக்குப் பெண் கொடுத்தவர்களுக்கும் எடுத்தவர்களுக்கும் சாதி ஒன்று. சான்றிதழுக்கு அது ஒன்றாவது 1950க்கு முன்பே அங்கே இருந்ததைக் காட்டினால்தான். 2018இல் பீர் சிங் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதிசெய்து, டெல்லியில் அகில இந்திய ஒதுக்கீடு செல்லும் என்றது.

அந்தத் தர்க்கத்தை முழுவதுமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் படித்த, கொஞ்சம் வசதி வந்த வெளிமாநிலத்துக் குடும்பங்கள் ஓரிடத்துக்கு வந்து, அந்த மண்ணில் சாக்கடை அள்ளுகிற குடும்பத்தின் பிள்ளைக்குரிய இடத்தை எடுத்துக்கொண்டால் அது நியாயமா? புதுச்சேரித் தோழர்கள் இந்த அவையிலும் இருக்கிறார்கள். அங்கே 1964 மார்ச் 5ஆம் தேதிதான் கோடு. பூர்வீக அட்டவணைச் சாதியினர், குடியேறிய அட்டவணைச் சாதியினர் என்று சான்றிதழிலேயே பிரிவு வந்து, நீதிமன்றம் வரை போயிருக்கிறது. விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் எல்லை எங்கே என்று அங்கே நடந்தால் உங்களுக்குத் தெரியாது. ஒரு தெரு இந்தப் பக்கம், அடுத்த தெரு அந்தப் பக்கம். அக்காள் பிள்ளை பூர்வீகம், தங்கை பிள்ளை குடியேற்றம். பூர்வீகத் தோழர்கள் கேட்பது பேராசையில்லை, இருக்கிற கொஞ்சத்தைப் பறிகொடுக்கக் கூடாது என்ற பயம். எனக்குப் பொறுக்காதது வேறு. மண்ணுக்கு நாம் பூர்வீகர் என்று கேட்டபோதெல்லாம் வாயைத் திறக்காத சட்டம், நமக்குள்ளே பங்கு பிரிக்கும் இடத்தில் மட்டும் தேதி போட்டுப் பூர்வீகம் பார்க்கிறது. சென்னையில் நிலம் வாங்கும் வெளிமாநிலத்துக்காரரிடம் 1950இல் உன் தாத்தா எங்கே என்று எந்தப் பதிவாளரும் கேட்பதில்லை.

கடைசியாக ஒன்றைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். மதுராந்தகம் பக்கத்தில் ஒரு ஊர். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே நிலம் அளக்க வந்தார்கள். சாலையோரத்தில் நிலம் விலை ஏறியதால் இரண்டு பெரிய குடும்பங்களுக்குள் வரப்புத் தகராறு. சர்வேயர் புலப்படத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சங்கிலியை இழுத்துப் பார்த்தார். கல்லைக் காணோம். கடைசியில் சேரிக்கு ஆள் அனுப்பி ஒரு தாத்தாவைக் கூட்டிவந்தார்கள். வெட்டியான் வேலை பார்த்த குடும்பம், எண்பதைத் தாண்டியவர். மனைப் பிரச்சினை ஒன்றுக்காக அன்று நானும் அவர் வீட்டில்தான் இருந்தேன். கூடவே போனேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில அதிகாரிகள் வியந்து எழுதிய வழக்கம் ஒன்று உண்டு. எல்லைத் தகராறு வந்தால் ஊர்ப் பறையரைக் கூப்பிடுவார்கள். அவர் நடந்து காட்டும் வழிதான் எல்லை. அதற்கு மேல் பேச்சில்லை. மைசூரில் இந்தப் பொறுப்பு குளவாடி என்ற ஹொலையருக்கு. புத்தகத்தில் படித்ததை அன்று கண்ணால் பார்த்தேன். தாத்தா செருப்பைக் கழற்றி வரப்போரம் வைத்துவிட்டு நடந்தார். இரண்டு இடத்தில் நின்று காலால் தட்டினார். "இங்க தோண்டு." மண்வெட்டி போட்டதும் கல் இடித்தது. மூன்றாவது கல் ஒரு பனைமரத்தடியில் இருந்தது. "இந்தப் பனைய எங்கப்பன் வச்சது" என்றார். சர்வேயருக்கு ஒரே சந்தோஷம். "பெரியவரே, நீங்க இல்லன்னா இன்னிக்கு வேலையே ஆயிருக்காது" என்று சொல்லிவிட்டு, இரண்டு குடும்பத்தாரிடமும் கையெழுத்து வாங்கினார்.

அதே சர்வேயரிடம் தாத்தாவின் வீட்டுமனையைப் பற்றி நான் கேட்டேன். நல்ல மனிதர்தான், அலுத்துக்கொள்ளாமல் வி.ஏ.ஓ.விடமிருந்து அ-பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். அந்தத் தெருவின் முதல் ஆறு வீடுகள் நத்தம். ஏழாவது வீட்டிலிருந்து ஒரு பட்டா நிலத்தின் புல எண்ணுக்குள் வருகிறது. பட்டாதாரர் பெயர் இருந்தது. எப்போதோ இறந்துபோனவர். வாரிசுகள் சென்னையில் எங்கேயோ இருக்கிறார்களாம். தாத்தா வீடு ஒன்பதாவது.

"இவங்க இங்க எத்தனை வருஷமா இருக்காங்கன்றதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா சார்?" என்று சர்வேயர் என்னைக் கேட்டார். தாத்தா அதற்குள் வரப்போரம் விட்டுவந்த செருப்பைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.